சீப்பில் இரண்டு பல்

ஒன்பதரைக்கு ஷட்டர் பாதி இறங்கும்.
கடைசி ஆள், பெட்ஷீட் பார்சலோடு,
சீமெந்துப் படியால் இறங்கிப் போனதும்
சாவியைத் திருப்புவேன்.
எஸ்கலேற்றர் நிற்கும்.
நின்ற பிறகும் கொஞ்ச நேரம்
ஓடுவதுபோலவே இருக்கும் காலுக்கு.

மாதத்தின் முதல் செவ்வாய். கல்முனை.
ஆரையம்பதியிலிருந்து வந்த வழியெல்லாம்
சட்டையில் ஒட்டிய உப்புக்காற்று.
அதே காற்றுத்தான் சங்கிலியையும் தின்கிறது.
கொம்பனிக் கையேட்டில் கடல் இல்லை.
மூன்று மாதத்துக்கு ஒருதரம் ஒயில் என்று
யாரோ குளிரில் இருந்து எழுதியிருக்கிறார்.
நான் மாதா மாதம் போடுகிறேன்.

உதவிக்கு மஃபாஸ், மருதமுனைப் பொடியன்.
அவன் வீட்டில் தறி.
நூல் எங்கே போய்ச் சிக்கும் என்று
எனக்கு முதல் அவனுக்குத் தெரியும்.

மூன்று படியைக் கழற்றி
காட்போட் மட்டையில் சாய்த்துவிட்டு
டோர்ச் அடித்தால்
மேலே போனதெல்லாம் தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு
திரும்பி வருகிற பாதை.
சாரி வாங்க வருகிற ஒருவருக்கும் இது தெரியாது.
தெரியவேண்டியதுமில்லை.

குழியில் இந்த மாதம்
ஐந்து ரூபாய்க் குற்றி எட்டு,
ஹபாயாக் கறுப்பு நூல் ஒரு கைப்பிடி,
ஊசி, ஊசி, ஸ்காஃப் குத்துகிற ஊசி,
ஒற்றை மிஞ்சி
(காவல் நிற்கிற சுகிர்தா அதைக் கவுண்டரில் ஒட்டி வைத்தாள்),
மறுகா மணல்.
செருப்பு இடுக்கில் கடுகு கடுகாய் ஏறிவந்து
ஒரு சுண்டு மணல்.

துடைத்து, கிறீஸ் வைத்து, படிகளைப் பூட்டி
சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன்.
ஒன்றரைச் சாண் ஓடி நின்றது. சரி.
கைப்பிடி மட்டும் படியை முந்துகிறது,
யாரோ மெல்ல முன்னால் இழுக்கிறமாதிரி.
அதையும் சரிக்கட்டினேன்.

சீப்புத்தான் சரியில்லை.
உச்சியில், படி உள்ளே போகிற வாயில்
மஞ்சள் பல் வரிசை.
அதில் இரண்டு பல் இல்லை.

"மாத்த வேணும் ஹாஜியார். கொழும்பிலிருந்து வரணும்.
அதுவரைக்கும் பூட்டி வைக்கணும்."
அவர் கணக்குக் கொப்பியை மூடவில்லை.
"ஓடுதுதானே?"
ஓடுது.
"ஆருக்கும் ஏதும் நடந்ததா?"
இல்லை.
"பெருநாளுக்கு ஒன்பது நாள் தம்பி.
இதப் பூட்டினா சனம் மேல ஏறாது."
அவர் சொன்னதில் பிழையில்லை.
நடந்ததென்றால் காட்டலாம்.
நடக்காததை எந்த மேசையில் கொண்டுபோய் வைக்கிறது?

மஃபாஸ் எழும்பிப் போனான்.
பிள்ளைகள் பக்கத்து றாக்கையிலிருந்து
மெத்தென்ற பச்சைச் செருப்பொன்று எடுத்துவந்தான்,
விலைச்சீட்டோடு.
மெதுவாய் ஓடவிடச் சொல்லி
நுனியை அந்த இடைவெளிக்கு நேரே வைத்தான்.

பெரிய சத்தமொன்றுமில்லை.
வெற்றிலை மெல்லுகிற அளவுதான்.
நான் நிறுத்தும்போது
பெருவிரல் இருக்கவேண்டிய இடம்
உள்ளே போயிருந்தது.

மேலே மின்விசிறி சுற்றியது.
ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார்.
"எவ்வளவு?"
"செருப்பா, சீப்பா?" என்றான் மஃபாஸ்.
"செருப்பு என்ட கணக்கு.
மத்ததச் செய்யுங்க."

கயிறு கட்டினோம்.
வியாழன் விடிய, கொழும்பு பஸ்ஸில்
பழைய பத்திரிகையில் சுற்றி வந்தது சீப்பு.
பூட்டினேன். படிவத்தின் கடைசிக் கட்டம்:
குறிப்பிடத்தக்க சம்பவங்கள்.
வழமைபோலக் கோடு இழுத்தேன்.

பெருநாள் கழிந்து சுகிர்தா மிஞ்சி விஷயமாய்
போன் எடுத்தாள். ஒருவரும் கேட்டு வரவில்லையாம்.
இடையில் சொன்னாள்:
படுவான்கரைப் பக்கமிருந்து ஒருவர் வந்தாராம்,
நெல் விற்ற காசு மடியில்.
எஸ்கலேற்றரின் அடியில் நின்று யோசித்துவிட்டு
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாராம்.
வெறுங்காலோடு ஏறிப் போனாராம்.
"சிரிப்பு வந்தது, அடக்கிட்டன்" என்றாள்.

உச்சியில் என்ன செய்தார் என்று கேட்டேன்.
"என்ன செய்யிற? இறங்கிப் போய்ட்டார்.
ஏன்?"

சும்மா, என்றேன்.