அளவு

ஊதா சாயம் ஏறிய எலும்பு மஜ்ஜையில்
முதல் நாள் எண்ணினேன்:
நூற்றில் தொண்ணூற்றொன்று முற்றாத வெள்ளணு.
முப்பத்து மூன்றாம் நாள் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்றால்
என் கண்ணுக்கு ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.
பத்தாயிரத்தில் ஒன்று பதுங்கியிருந்தால்?

அந்த ஒன்றைத் தேடத்தான்
பினாங்கு பெரியாஸ்பத்திரியில்
முன்பு படுக்கைவிரிப்பு அடுக்கிய அறையில்
எனக்கொரு மேசை போட்டார்கள்.
யாரோ கழித்துக்கட்டிய ஃப்ரீசர்.
கதவு சரியாக மூடாது.
ஜெலுத்தோங் சந்தையில் நண்டின் கொடுக்கைக் கட்டும்
ரப்பர் பட்டையால் சிஸ்டர் பௌசியா இழுத்துக் கட்டுவார்.
உள்ளே சுண்டுவிரல் நகமளவு குப்பிகளில்
பிள்ளைகள் உறைந்திருந்தார்கள்.

சங்கிலிமுத்து பாகான் அஜாமிலிருந்து
முதல் ஃபெரியில் வருவார். லாரி ஓட்டுநர்.
மகள் யோகேஸ்வரிக்கு ஆறு வயது.
மொட்டைத் தலையில் தொப்பி.
கழற்றச் சொன்னால் என்னைக் கடிப்பாள்.

நல்ல செய்தி என்றுதான் தொடங்கினேன்.
இவளுக்கு நோய் சீக்கிரம் கரைந்துவிட்டது,
சிவப்பு மருந்து இரண்டு முறை போதும், ஆறு வேண்டாம்.
அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.
"எவ்வளவு குறையுதுன்னு சொல்லுங்க டாக்டர்.
லாரிய வித்துடுறேன்."
காசு இல்லை ஐயா விஷயம்.
"அப்ப பக்கத்துக் கட்டில் பையனுக்கு மட்டும்
ஏன் ஆறு?"

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு.
அது அவருக்கும் தெரியும்.
ஆனால் இங்கே நஞ்சுதான் அமுதம்.
அளவு எது என்று
எந்தப் பழமொழியும் சொல்லி வைக்கவில்லை.

கேஸ் தாளின் பின்புறம் ஓர் இதயம் வரைந்தேன்,
மாங்காய் மாதிரி வந்தது.
அந்தச் சிவப்பு நோயைத் தின்ற பிறகு
இதையும் கொஞ்சம் ருசி பார்க்கும்,
இருபத்தைந்து வயதில் படியேறும்போது மூச்சு வாங்கும் என்றேன்.
இவளுக்கு இருபத்தைந்து வயது வரும் என்று
அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை போலும்.
தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு கையெழுத்துப் போட்டார்.
நம்பி அல்ல.
நான் பேனாவை நீட்டியபடியே நின்றதால்.

அன்றிரவு நான் தூங்கவில்லை.
அதற்கடுத்த ஐந்து வருடமும்
சரியாகத் தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

மருந்தைக் குறைத்தது எண்பத்து நான்கு பேருக்கு.
நோய் திரும்பியது மூவருக்கு.
கோலாலம்பூர் ஓட்டலில், மாநாட்டுத் திரையில்
அது மேலே கிடையாகப் போகும் ஒரு கோடு,
இடையே மூன்று சின்னப் படிகள்.
கைதட்டினார்கள்.
ஒவ்வொரு படியிலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று
எனக்குத் தெரியும்.
இரண்டாவதில் ஹஃபிஸ்.
யானை வரைவான், எல்லா யானைக்கும் ஐந்து கால்.
ஆறு முறை கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா?
கணக்கு, இல்லை என்கிறது.
கணக்கைப் போட்டவள் நான்தான்.

பிழைத்தவர்கள் வருவதில்லை.
வராமல் இருப்பதுதான் பிழைத்தல்.
பரீட்சை, காதல், கார்க் கடன் என்று
எங்கோ என்னை மறந்துகொண்டிருப்பார்கள்.
இறந்தவர்கள் மட்டும் குப்பிக்குள்
ஒழுங்காகத் தேதியோடு இருந்தார்கள்.

பென்ஷன் வாங்கிய மறு தைப்பூசம்.
தண்ணீர்மலையில் ஐந்நூற்றுச் சொச்சம் படி.
பாதியில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
நரைத்த ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.
அவர்தான் முதலில் அடையாளம் கண்டார்.
"டாக்டரம்மா..."
யோகேஸ்வரி எப்படி என்று கேட்க
என் வாய் எழவில்லை.
அவரே சொன்னார்,
"அவ மேல போயிட்டா டாக்டர்."

உடுக்கைச் சத்தம் நின்றது போலிருந்தது.
பழைய கோட்டில் நாலாவதாக ஒரு படி
மெதுவாக இறங்கியது.

அவர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு
வலது கையைத் தூக்கிக் காட்டினார்.
"பால்குடத்தோட.
என்னால ஈடு குடுக்க முடியல,
நில்லுடின்னா நிக்க மாட்டேங்குறா."

மேலே ஐம்பது, அறுபது மஞ்சள் சேலைகள்.
எது அவள் என்று தெரியவில்லை.
தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை.
அவர் பக்கத்தில் உட்கார்ந்து
ஏறுகிற கால்களை
எண்ணிக்கொண்டிருந்தேன்.