நான் சொன்னதாக வேண்டாம்

இருசப்பன் யாரையும் ஏசியதில்லை.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
குகையில் எங்கள் சந்து வண்டிக் கமிட்டிக்குப்
பத்தொன்பது வருஷம் ரசீது கிழித்தவர்.
ஒற்றைப் பைசா பிசகியதில்லை.
தட்டுவடை செட்டு வாங்கினால்
கேட்காமலே பாதியை நம் பக்கம் தள்ளுவார்.
சட்னி விரலைத் துடைத்துக்கொண்டு
காதுக்குப் பக்கத்தில் குனிந்து
'மாதையன் நல்ல மனுஷன்தான்...'
என்று நிறுத்துவார்.

அந்தத் 'தான்'.
ஒரு தெருவே அதற்குள் விழுந்துபோகும்.

பிறகு மெதுவாக:
'நான் சொன்னதாக வேண்டாம்.'

ஆடி வண்டி வேடிக்கைக்கு அந்த வருஷம்
நாங்கள் கட்டியது அர்த்தநாரி.
ஒரே பையன். நெற்றியிலிருந்து நேர்கோடு போட்டு
பாதி திருநீறு, பாதி மஞ்சள்.
ஜெனரேட்டரும் சீரியல் விளக்கும் என்னுடையவை,
பின்னாலேயே நடந்தேன்.
கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

அடுத்த ஆடிக்குள்
கரகம் யார் வாசலில் முதலில் நின்றது,
மைக்கில் யார் பெயர் விட்டுப்போனது,
கணக்கில் அந்த நானூறு ரூபாய் ஐஸ்கட்டி
(எல்லோரும் குடித்த மோருக்குப் போட்டதுதான்)
எல்லாம் பேச்சாகிவிட்டது.

போலீஸ் வரவில்லை. கை கலக்கவில்லை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை தகரப் பெட்டியைத் திறந்து
பங்கு வைத்தார்கள்.
கிரீடம் ஐந்து, அதனால் ஒன்றுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள்.
அர்த்தநாரி உடுப்பு ஒன்றாய்த் தைத்தது.
புலித்தோல் வடக்குக்கு,
சிவப்புச் சேலை தெற்குக்கு.
கத்தரி பிடித்தது இருசப்பன்.
'எனக்குத்தான்யா நெஞ்சு வலிக்குது' என்றார்.
நிஜமாகவே வலித்தது,
கண் கலங்கியதைப் பார்த்தேன்.

எனக்கென்ன.
இரண்டு வண்டி, இரண்டு ஜெனரேட்டர், இரட்டை வாடகை.
அவர்களைவிட ஐம்பது பல்பு கூடப் போடு என்றது வடக்கு.
அதையேதான் தெற்கும் சொன்னது.
அங்கே எத்தனை என்று கேட்டவர்களுக்கெல்லாம்
எண்ணிக்கை சொன்னேன்,
நான் சொன்னதாக வேண்டாம் என்று சேர்த்து.

ஒரே தெருவில் இரண்டு ஒலிபெருக்கி.
அம்மன் எதைக் கேட்டாளோ.
பொண்ணைத் தெற்கில் கட்டிக்கொடுத்த வடக்குச் சந்துச் சடையப்பன்
பேரனைத் தோளில் தூக்கியவர்
எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல்
நடுத்தெருவில் நின்றார்.
பையன் இரண்டு பக்கமும் கைதட்டினான்.

நேற்று கடைக்கு வந்தார்.
பாதித் தட்டுவடை என் பக்கம் நகர்ந்தது.
வெளியே என் கூட்டாளி செங்கோடன்
விசிலடித்தபடி ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான்.
'செங்கோடன் நல்ல பையன்தான்...'

நான் எதுவும் கேட்கவில்லை.
அவரும் மேலே எதுவும் சொல்லவில்லை.
டீயைக் குடித்துவிட்டு
காசும் கொடுத்துவிட்டுப் போனார்.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கி
ஹோல்டர்களை எண்ணினேன்.
சரியாக இருந்தது.
மறுபடி எண்ணினேன்.