பெடல் இல்லாத இருக்கை

பதிமூன்று இருக்கை. பத்துக்குத்தான் பெடல்.
பின்பெஞ்சு மூன்று பேருக்கு,
சும்மா சாய்ந்து போக.
ஸ்டியரிங் என்னிடம், பிரேக் என்னிடம்.
வண்டியில் குடிக்கக் கூடாதவள் நான் ஒருத்தி.

மில்வாக்கியில் அக்டோபர்.
ஏரிக் காற்று வந்து
கோப்பை நுரையைக் கிள்ளிக்கொண்டு போகிறது.

இன்று ஏறியவர்கள்
கொதிகலன் உதிரிபாகம் விற்கும் கம்பெனியின் தொலைபேசிப் பிரிவு.
இலக்கைத் தாண்டியதற்குப் பரிசு,
ஆகஸ்டிலேயே பதிவான பயணம்.
போன திங்கட்கிழமை
பிரிவையே மூடிவிட்டார்கள்.
முன்பணம் திரும்பாது என்பது எங்கள் விதி.
அதனால் வந்துவிட்டார்கள்,
ஒரே ஆரஞ்சு பனியனில்,
முதுகில் ‘நாங்களே நம்பர் ஒன்’ என்று.

அவர்கள் முகம் எனக்குத் தெரியாது.
முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள், பாடுவார்கள்.
ஆனால் யார் மிதிக்கிறார்,
யார் காலை மட்டும் சுற்றவிடுகிறார்,
எல்லாம் கைப்பிடி வழியே ஏறி வரும்.
டவாரிஸ் எதையோ உதைப்பதுபோல் மிதிக்கிறான்.
எனக்கு அடுத்த இருக்கையில் மாய் சியோங்,
குடிக்காமல்
பாட்டில் லேபிளை நகத்தால் உரிக்கிறாள்.
சிவப்பு விளக்கில் யாரோ வழிப்போக்கர் கையசைக்க,
இருபத்தாறு வருட போன் குரலில் லோர்னா:
‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்.’
வண்டியே குலுங்கியது.

பின்பெஞ்சில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.
கோர்டன் பென்கி, மேனேஜர்.
அவர் வேலை போகவில்லை.
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
அவர் கோப்பையோடு
ஒரு கோப்பையும் மோதவில்லை,
அதில் தெரிந்துகொண்டேன்.

ஆற்றங்கரையில் மணி அடித்தது.
பாலம் இரண்டாய்ப் பிளந்து எழுந்தது,
ஒரே ஒரு பாய்மரப் படகுக்காக.
அதில் ஒரு நாய், ஒரு ஆள்,
இருவருக்கும் அவசரமில்லை.
‘காத்திருப்பு நேரம் ஏழு நிமிடம்’ என்றாள் லோர்னா.
இந்த முறை சிரிப்பு பாதியில் நின்றது.

பாலம் இறங்கியதும் மேடு.
மேட்டில் என் முழங்காலுக்கு அடியில் ஒரு பச்சை பட்டன்.
அழுத்தினால் மோட்டார் தள்ளும்.
தங்கள் தொடைதான் என்று நினைத்துக் கைதட்டுவார்கள்.
எங்கள் தொழில் ரகசியம் அது.
கை பாதி போயிருந்தது.
‘அதைத் தொடாதே’ என்றாள் மாய்,
லேபிளை விட்டுக் கண்ணெடுக்காமல்.
‘கிளம்பும்போதே சத்தம் கேட்டுச்சு.
பதினொரு வருஷம்
போனில் சத்தத்தைக் கேட்டே ரிப்பேர் சொன்னவ நான்.’

பத்துப் பேர் மிதித்தார்கள்.
வண்டி ஆடியது, அசைந்தது,
நடு மேட்டில் நின்றது.
என் கால் பிரேக்கில் முட்டுக்கட்டையாய்.
பின்னால் பேருந்து ஹாரன்.

பெஞ்சு லேசானது.
கோர்டன் இறங்கியிருந்தார்.
சாலையில் இறங்கக் கூடாது,
விதி நான்கு, நானே படித்துக் காட்டியது.
ஆபீஸ் ஷூ வழுக்க வழுக்க
தோளைக் கொடுத்துத் தள்ளினார்.
நான் விதியைச் சொல்லவில்லை.
பிரேக்கை விட்டேன்.

உச்சி தாண்டியதும் சரிவு.
வண்டி தானாய் ஓட,
அவர் பின்னால் ஓடி வந்தார், டை தோளில் பறக்க.
‘தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்!’
லோர்னா கத்தினாள்.
நிறுத்தவா என்று கேட்டேன்.
எட்டு, ஒன்பது சுற்று,
சங்கிலிச் சத்தம் மட்டும்.
பிறகு டவாரிஸ் சொன்னான்:
‘அடுத்த சிக்னல்ல.’

மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.
மாய் எழுந்து தன் இருக்கையைக் காட்டினாள்.
பின்பெஞ்சுக்குப் போய்
மூன்று பேர் இடத்திலும் கால் நீட்டிக்கொண்டாள்.

மீதி வழி முழுக்க என் கைப்பிடியில் ஒரு புதுக் கால்,
தாளம் தப்பி,
நடிக்கத் தெரியாத கால்.

இரவு ஷெட்டில்
சிந்திய பீரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
சார்ஜ் போட வந்த ஹாலிஸ்
மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
‘இன்னிக்கு வண்டி வெளியே போகலையா, ரோசால்பா?’