இரண்டு விரல், மூன்று வோல்ட்

ஸ்நேர் ஊமையாகிவிட்டது, மற்றபடி நல்ல மெஷின் என்று
டோங்காட்டிலிருந்து துணிப்பையில் கொண்டுவந்தார் நேசன் கவெண்டர்.
"பன்னிரண்டாம் தாளம் மட்டும் அழியக்கூடாது."
ஏனென்று கேட்கவில்லை. பில்லில் எழுதிக்கொண்டேன்.

பதினாறு திருகு. மூடியைத் தூக்கினால்
நினைவைக் காக்கிற பேட்டரி கக்கி வைத்திருக்கிறது
செம்புக் கோடுகள் மேல், பச்சையாய்.
ஸ்நேர் இருக்கட்டும். முதலில் இது.

கரண்ட் ஓடும்போதே பழசை எடுத்துப்
புதுசைப் பற்றவைக்க வேண்டும்.
நடுவில் நின்றால் தாளமெல்லாம் போச்சு.
சாட்ஸ்வொர்த்தில் நாலு மணிக்குத்தான் வெட்டு.
மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பழசைக் கழற்றினேன்.
மூன்று ஐம்பத்திரண்டுக்கே வெட்டினான்.

ஒரு மின்தேக்கி எத்தனை நொடி மூச்சுப்பிடிக்கும்?
டார்ச்சின் வயிற்றைக் கவிழ்த்து
இரண்டு செல், இரண்டு கம்பி,
கம்பி முனையை அழுத்திக்கொண்டு இரண்டு விரல்.

இரண்டரை மணி நேரம்.
மூக்கு அரித்தது.
நேசனின் போன் அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது.
பக்கத்துக் கடை பீன்ஸ் கறி வாசம் மட்டும்
கதவைத் தட்டாமல் வந்தது.
வியர்த்தால் நழுவும்;
வியர்க்காதே என்று யாரிடம் சொல்ல?

ஆறு இருபதுக்குத் தெருவிளக்கு இருமியது.
எடு என்றால் விரல் கேட்கவில்லை.

பற்றவைத்தேன். பன்னிரண்டு. ஸ்டார்ட்.
தும். தும்தும்.
ஹை-ஹேட் கொறிக்கிறது.
யாரோ கடைசி அடியை ஒரு கட்டம் முந்தி அழுத்தி
அப்படியே விட்டிருக்கிறார்கள்.
இரண்டிலும் நாலிலும் ஒன்றுமில்லை:
அவர் கொடுத்த வேலை தொடாமல் கிடக்கிறது.
அந்த ஓட்டையில்
மரத்துப்போன என் விரல்
மேசையைத் தட்டுகிறது.