எட்டாவிட்டாலும்

தைப்பூச இரவு, மூன்று பத்து.
பத்துமலை ஸ்டேஷன்,
இரண்டாம் பிளாட்பாரத்தின் தென்கோடி.
பதினைந்து வெள்ளிக்கு வாங்கிய மீன் பலூன்
பிள்ளையின் கையை விட்டு நழுவி
ரயில் கம்பியில் போய் முட்டி நின்றது,
பளபளவென்று.

அதன் ஜரிகை நாடா
சற்றுமுன் பெய்த மழையில் நனைந்து
கையுயர்த்தினால் எட்டாத உயரத்தில்
ஆடிக்கொண்டிருந்தது.

"அழாதே கவிநேஷ், அப்பா எடுத்துத் தர்றேன்."

மொட்டைத் தலை. சந்தனம் இன்னும் காயவில்லை.
தண்ணீர்ப் பந்தலில் உருவிய
அலுமினியக் கம்பு அவர் கையில்.
எட்டும்.
எட்டாவிட்டாலும் எட்டும்,
அதுதான் இந்தக் கம்பியின் குணம்.

பதினோரு வருஷமாக இதன் அடியில் வேலை.
இருபத்தைந்தாயிரம் வோல்ட் என்று சொன்னால்
யார் காதிலும் ஏறாது,
லாட்டரிப் பரிசுத் தொகை போலக் கேட்டுக்கொள்வார்கள்.
நெருப்புக்காவது மரியாதை உண்டு,
கிட்டப் போகும்போதே சூடு காட்டும்.
நாய் உறுமும். பாம்பு கூடச் சீறும்.
இது ஒன்றும் சொல்லாது.
அணைத்த கம்பியும் அணைக்காத கம்பியும்
பார்க்க ஒரே மாதிரி.
மைனா உட்கார்ந்திருக்கும்,
அதைப் பார்த்து நாமும் நம்பிவிடுவோம்.

செந்தூல் யார்டில் தர்வின் என்றொரு பையன்,
நின்றிருந்த சரக்குப் பெட்டியின் மேல் ஏறி
கூட்டாளிக்குப் போன் வெளிச்சம் காட்டினான்.
"எதைத் தொட்டான், எதைத் தொட்டான்" என்று
அவன் அம்மா என் சட்டையைப் பிடித்துக் கேட்டார்.
எதையும் தொடவில்லைம்மா.
இரண்டு சாண் தூரம் இருந்தது.
மின்சாரம்தான் தாவி வந்து தொட்டது.
இதை அன்று
என்னால் தமிழிலும் சொல்ல முடியவில்லை,
மலாயிலும் முடியவில்லை.

கம்பு உயர்ந்தது.

தூணில் பலகை இருக்கிறது.
நான்கு மொழியில் அபாயம்,
மின்னல் பட்டு மல்லாந்த மனிதனின் படம்.
நான் கத்தியது
அந்தப் பலகையில் இல்லாத ஒரு வார்த்தை.
பூச நாளில்,
முருகனுக்குக் கூப்பிடு தூரத்தில்,
விரதம் முடித்த ஒரு மனிதரைப் பார்த்து
அவர் அம்மாவையும் சேர்த்து.

பால்குடத்தோடு போன பெண்கள் திரும்பினார்கள்.
கம்பு பாதியில் நின்றது.
"பிள்ளை முன்னாடி என்னா பேச்சு பேசுற?
பேரு என்ன உன் பேரு?"
நெஞ்சிலிருந்த அட்டையை நிமிர்த்திக் காட்டினேன்.
கோபத்தில் கம்பை வீசினார்.
தரையில் விழுந்து உருண்டது.
என் முழங்கால் அப்போதுதான் நடுங்க ஆரம்பித்தது.

கண்ட்ரோலுக்குச் சொன்னேன்.
ஹஸ்லினா ஒரு கேள்வியும் கேட்காமல் அணைத்தாள்.
நின்ற ரயிலில் ஏர்கான் செத்தது.
ஆயிரம் பேர், வியர்வை, திருநீறு, அழும் குழந்தைகள்.
"ஒரு பலூனுக்காலா இவ்வளவு?" என்றது ஜன்னலிலிருந்து ஒரு குரல்.
அஸ்ருல் முதலில் தண்டவாளத்தில் கவ்வியை மாட்டி
பிறகு கொக்கிக் கோலை மேலே கொண்டுபோனான்.
சடக்.
அணைத்த பிறகும் மிச்சமிருக்கும், எப்போதும்.

இறக்கினேன் மீனை.
வயிற்றில் ஊசிமுனை அளவு ஒரு கருப்புப் புள்ளி.
பிள்ளை அதற்குள்
அம்மா மடியில் வாய் திறந்து தூங்கியிருந்தான்.
நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

விடிந்ததும் படிவம்.
தாமதம்: நாற்பத்திரண்டு நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
பெலோன் என்று எழுதினேன்.
கம்பைப் பற்றி எழுத இடமில்லை.
நடக்காததற்குக் கட்டம் போடுவதில்லை ஆபீசில்.
மீன் வேனின் கூரையில் ஒட்டிக்கொண்டு வந்தது.
வெள்ளிக்கிழமை இறங்கி
பூட்ஸுக்குப் பக்கத்தில் கிடந்தது.

மூன்றாம் வாரம் என்மேல் புகார் வந்தது.
பொது இடத்தில் கெட்ட வார்த்தை,
தைப்பூச நாளில், குழந்தை முன்னிலையில்.
சூப்பர்வைசர் மேசைக்குக் குறுக்கே தள்ளினார்.
இரண்டு பக்கம்.
நீல மையில், அவரே கைப்பட எழுதியது.
இரண்டு முறை படித்தேன்.
கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.