மாதிரி எண் நான்கு

அயோத்தியாப்பட்டினம் தாண்டி
சேகோ ஆலைக்குப் பின்னால் கிடக்கும் குட்டைக்கு
யாரும் பேர் வைக்கவில்லை.
வாரியத்தின் பதிவேட்டில் அது
மாதிரி எடுக்கும் இடம் நான்கு.

குச்சிக்கிழங்கு கழுவிய தண்ணீர்
மூன்று நாள் புளித்து இங்கே வந்து படுக்கிறது.
துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு
பாட்டிலில் பிடிக்கிறேன்.
உடனே ஐஸ் பெட்டிக்குள் போக வேண்டும், நாலு டிகிரிக்கு.
இல்லாவிட்டால் உள்ளிருக்கும் உயிர்கள்
வழியிலேயே தின்று தீர்த்துவிடும்,
ஆய்வக எண் பொய் சொல்லும்.
ஐஸ், மீன்கடையில் வாங்கியது.
கெளுத்தி வாடை பெட்டியை விட்டுப் போவதில்லை.

களத்தில் ஜவ்வரிசி காய்கிறது.
அரை ஏக்கர் வெள்ளை, கண் கூசுகிறது.
அதற்கு அப்பால் சேர்வராயன் மலை
பாதி மேகம், பாதி மலை.
இப்பால் கருஞ்சேறு.
சேற்றில் அவை.

முதல் வருடம் குருவி என்று நினைத்தேன்.
கொசு உள்ளான் என்றார்
ஞாயிறுதோறும் ஏரிகளில் பறவை எண்ணும்
பல் டாக்டர் தெய்வானை.
இருபத்துமூன்று கிராம் இருக்குமாம்.
ஆய்வகத் தராசில் வைத்துப் பார்த்தேன்:
நாலு அஞ்சு ரூபாய்க் காசு.
அந்தக் காசு
சைபீரியாவின் தலைமாட்டிலிருந்து வருகிறது.

அங்கே மரம் கிடையாதாம்.
மரமாக வேண்டிய வில்லோ
கணுக்கால் உயரத்தில் தரையோடு தவழ்ந்தே
கிழடாகிவிடுமாம்.
இரண்டு முழம் தோண்டினால் ணங்கென்று நிற்கும் மண்வெட்டி.
அடியில் பனி,
எந்தக் கோடையும் போய்த் தொடாதது.
மேலே உருகியது இறங்க வழியில்லாமல்
குட்டை குட்டையாய்த் தேங்குகிறது,
குட்டையெல்லாம் கொசுப்புழு.
(அவர் இதைச் சொன்னபோது
இடம் நான்கைத் திரும்பிப் பார்த்தேன்.)

சூரியன் மறையாத கொஞ்ச நாள்,
அதற்குள் எல்லாம் ஆக வேண்டும்.
பெட்டை நாலு முட்டை இட்டு ஆணிடம் விட்டுவிட்டு
வேறு கூட்டில் நாலு இட்டுத் தானே அடைகாக்கிறது.
ஆளுக்கொரு கூடு.
பஞ்சாயத்து இல்லை, நோட்டீஸ் இல்லை.

லெம்மிங் என்று ஓர் எலி இருக்கிறது,
கையளவு, உருண்டை.
அது பெருகிய வருடம் நரிக்கு வயிறு நிறைந்துவிடும்,
குஞ்சுகள் தப்பும்.
எலி குறைந்தால் நரி
கூடு கூடாய் நடக்கும்.
அந்த வருடம் தையில் இங்கே இளசுகள் குறைவு.
எங்கோ ஓர் எலி பெற்றதும் பெறாததும்
சேலம் சேற்றில் வந்து
எண்ணிக்கையாகிறது.

போன செவ்வாய் ஒன்றின் காலில் வளையம்.
யாரோ அந்தக் குளிரில் கையுறை கழற்றி மாட்டியது.
பைனாகுலரில் எழுத்தைத் தேடினேன்.
கிழங்கு மாவு அப்பியிருந்தது.

சூப்பர்வைசர் பெத்தண்ணன் டீ வாங்கித் தந்தார்.
“அடுத்த மாசம் பிளான்ட் ஓட ஆரம்பிச்சிரும் மேடம்.
தண்ணி கண்ணாடியாட்டம் வரும்.
இந்தக் குட்டைய மூடி கான்கிரீட் போட்டுர்றோமுங்க.”

இதற்காகத்தான் இரண்டு வருடம் எழுதினேன்.
கிணற்றுத் தண்ணீரை என் மேசைமேல் வைத்துவிட்டு
பேசாமல் நின்ற சின்னப்பொண்ணுவின் கைகளில்
முழங்கைவரை சிரங்கு.
அவளுக்கு எதிராக ஒரு வரியும் என்னால் எழுத முடியாது.
எழுதவும் மாட்டேன்.

படிவத்தின் கடைசியில் ‘பிற குறிப்புகள்’.
ஒன்பது வருடமாக ஒரு கோடு போட்டு விடுவேன்.
இன்று எழுதினேன்:
கொசு உள்ளான், நாற்பத்தொன்று.
எழுதிவிட்டுப் பார்த்தால்
அதுவும் ஒரு மாசு போலவே இருந்தது.

கிளம்பும்முன்
பெட்டியில் உருகிய ஐஸ் தண்ணீரைக்
கரையில் ஊற்றினேன்.
ஒன்று ஓடிவந்தது.
அந்த ஈரத்தை இரண்டு முறை குத்திப் பார்த்தது.
ஒன்றுமில்லை.
திரும்பிச்
சேற்றுக்கு ஓடிற்று.