நாலு விரற்கடை

சஜா கேம்பில் ஜெனரேட்டருக்கும்
கேபின் சுவருக்கும் நடுவே ஒரு சந்து.
தீப்பிடித்தால் ஆட்கள் ஓடவேண்டிய வழி.
சிவில் டிஃபென்ஸ்காரர் சுவரில் கையை வைத்துக் காட்டினார்:
பலகை இவ்வளவுதான் இருக்கலாம்.
நாலு விரற்கடை.
அவர் விரல்கள் பருமன்.
என் கைக்கு அது ஐந்து.

ஜெனரேட்டரின் முனகல் நூறு ஹெர்ட்ஸ்.
ஓர் அலை மூன்றரை மீட்டர்,
இரண்டு ஆளைத் தலைமாடு கால்மாடாகக் கிடத்திய நீளம்.
அதில் கால்வாசி ஆழமாவது வேண்டும் என்கிறது பாடம்.
இடுப்பளவுப் பஞ்சு.

மடித்தோம்.
இத்தனை முழக் குடலை
ஒரு சாண் வயிற்றுக்குள் வைத்த அதே தந்திரம்.
நீளக் குழலைச் சுருட்டி, மடக்கி,
பதினாறு அறைகளாக்கி,
ஒவ்வொன்றின் வாயிலும் ஊசித்துளை.
நுழைந்த ஒலி சுவரில் உரசி உரசிச் சூடாகும்,
திரும்பி வராது.
(சூடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
கேம்ப் மொத்தமும் கூடிக் கத்தினாலும்
ஒரு கிளாஸ் சுலைமானி கொதிக்காது.)

லேபில் இருபத்திரண்டு டிகிரி.
சோதனைக் குழாயின் முனையில் பலகைத் துண்டு.
திரையில் நூறுக்கு நேரே
கோபுரம்போல ஒரு கூர்முனை.
நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு விழுங்கியிருந்தது.
ரொமேல் போனில் படம் எடுத்துக்கொண்டான்.
எல்லோருக்கும் மந்தி என் செலவு.

ஆகஸ்டில் மாட்டினோம்.
சந்தில் நாற்பத்தெட்டு.
சூடான காற்றில் ஒலிக்கும் அவசரம்,
ஓட்டம் கூடிவிடுகிறது.
என் பதினாறு அறைகளும்
நூற்று நாலுக்காக வாய் திறந்து காத்திருந்தன.
முனகல் நூறிலேயே நின்றது,
வாசலைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் கடந்து போனது.
மீட்டரில் ஒன்றரை டெசிபல் குறைவு.
சொல்லிக் கேட்டாலும் காதில் விழாத குறைவு.

இரவெல்லாம் சாலைக்குத் தார் போட்டுவிட்டு
பகலில் ஈரத்துண்டைத் தலையில் சுற்றித் தூங்குகிற
பரமக்குடிக் கார்மேகம் சொன்னான்:
'சத்தம் அப்படியேதான் இருக்கு மேடம்.
ஆனா சுவத்துல சூடு கொறஞ்சிருக்கு.'
பிறகு, போகிற போக்கில்:
'மத்தியானம் எல்லா ஏசியும் ஓடுறப்ப
அது தொண்டையை இறக்கிக்கும். கவனிச்சீங்களா?'

கவனிக்கவில்லை.
பாரம் ஏற ஏற எஞ்சின் சுருதி இறங்குகிறது,
வெயில் ஏற ஏற என் பலகையின் சுருதி ஏறுகிறது.
எதிரெதிர்த் திசையில் இரண்டு பஸ்.

மறுபடியும் வெட்டினேன்.
இந்த முறை ஒரு அறைபோல இன்னொன்று இல்லை.
ஒன்று தொண்ணூறுக்கு, ஒன்று நூற்றிருபதுக்கு,
இரண்டு எதற்கென்றே தெரியாமல்.
துளைகளின் பின்னால் கம்பளித் துணி ஒட்டி
இருந்த கூர்மையையும் மழுக்கினேன்.
'மாத்திரைக் கணக்காச் செஞ்சதைக் கெடுக்கிறியே'
என்ற தொனியில் ஹுசாம் அரபியில் ஏதோ முனகினான்.
திரையில் கோபுரம் இல்லை.
வயிறு தட்டிய தாழ்ந்த மேடு ஒன்று,
எந்த இடத்திலும் முழு மார்க் வாங்காமல்
எந்த இடத்திலும் ஃபெயில் ஆகாமல்.
ரொமேல் படம் எடுக்கவில்லை.

செப்டம்பர் கடைசி. ஏழு டெசிபல் இறங்கியது.
கேபினுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.
எட்டுக் கட்டில், ஏழு தூக்கம்.
கார்மேகம் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

'அது போயிருச்சு மேடம்.
இப்ப ஆளாளுக்குப் போன் பேசுறது கேக்குது.
எனக்கு இன்னும் எவ்வளவு கடன் பாக்கின்னு
இவனுங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.'
சிரித்தான். பக்கத்துக் கட்டிலில் ஒருவன்
கண்ணைத் திறக்காமலே தொகையைத் திருத்தினான்.

பேச்சு, முந்நூறிலிருந்து மூவாயிரம் ஹெர்ட்ஸ்,
டெலிவரி சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டேன்.
கட்டிலுக்கும் தடுப்புக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தேன்.
இரண்டு விரல் போனது.